மெயினை அணைத்த பிறகும் எரிந்த விளக்கு

அன்பு மகள் டின்சிக்கு அப்பச்சன் எழுதுவது. இங்கே கர்த்தர் கிருபையால் நானும் உன்னைப் பெற்ற அம்மச்சியும் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாக நலம். அங்கே நீயும் ரெஞ்சியும் குழந்தை எவினும் ஒன்றாக நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, சண்டைக்கு வேண்டிய சாமான் அத்தனையையும் பெட்டியில் கட்டி இங்கே அனுப்பிவிட்டாயே, பிறகு அங்கே சண்டை எப்படி வரும். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை சூடாகச் சொன்னால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. தெக்கேல் வீட்டு ஜெய்மோன் லீவு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்து முழுதும் படி. நடுவில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படி. எழுதுகிற எனக்கும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பத்தாம் வகுப்பில் என்னைத் தோற்கடித்த வாத்தியார்கள் எல்லாரும் சொன்னது, வர்க்கிச்சா நீ சுற்றி வளைக்கிறாய் என்று. நம் அடுக்களைச் சுவருக்குள் தோல் கிழிந்த ஒயர் ஒன்று கரண்டோடு கிடக்கிறது. அதை எடுத்து வேறு வழியாகப் போட வேண்டுமென்றால் முன்னறையில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் அணைக்க வேண்டும். உன் அம்மச்சி அணைக்க விடமாட்டேன் என்கிறாள். ஜூன் பிறந்து இடவப்பாதி மழை வந்துவிட்டால் அந்தச் சுவர் எப்படி வியர்க்கும் என்று உனக்கே தெரியும், சின்ன வயதில் அதில்தானே விரலால் படம் போடுவாய். வியர்க்கிற சுவருக்குள் கிழிந்த ஒயர். இப்போது அம்மச்சி பின்பக்கத்துச் சாய்ப்புக் கொட்டகையில் விறகு மூட்டிச் சமைக்கிறாள், புகையில் இருமுகிறாள், அந்தப் புகையை இழுக்க நீ அனுப்பிய சிம்னி முன்னறையில் பெட்டிக்குள் சவப்பெட்டி மாதிரி நீட்டிப் படுத்திருக்கிறது, அதுவும் சரியாக அந்த விளக்குக்குக் கீழே. வருகிறவர்கள் வாசலிலேயே நின்று யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள்.

அந்தப் பெட்டி வந்த அன்றைக்கே அம்மச்சிக்கு முகம் சரியில்லை. இது எதுக்கு, புகை போக ஜன்னல் இருக்கே என்றாள். மோள் ஆசையா அனுப்பினது, வெச்சுக்கோடி என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “போன தடவை முதுகு தடவுற நாற்காலி. அதுக்கு முந்தி துணி காயவைக்கிற மிஷின். இப்ப இது. மோளைத் தவிர மத்ததெல்லாம் வருது” என்றாள். நான் உன் பக்கம்தான் பேசினேன், அவளுக்கு அங்கே வேலை அதிகம் என்றேன். இப்போது பேசமாட்டேன்.

சிம்னி மாட்டுவதற்குக் கடையிலிருந்து சுனீஷ் என்று ஒரு பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயது, தாடி, கையில் பேட்டரியில் ஓடுகிற துளைக்கிற மிஷின். நல்ல காலத்துக்கோ கெட்ட காலத்துக்கோ உன் மாமன் குரியாச்சனும் அன்றைக்கு இங்கே இருந்தான். எங்கே பழம்பொரி பொரிக்கிற வாசனை வந்தாலும் அவன் ஸ்கூட்டர் தானாகவே அங்கே திரும்பும் அல்லவா. சுனீஷ் முறையாகத்தான் கேட்டான். “அச்சாயா, இந்தச் சுவத்துக்குள்ள லைன் ஏதாவது போகுதா?” என்றான். நான் மார்பைத் தட்டினேன். “மோனே, இது நான் கூட நின்னு கட்டின வீடு. எந்தக் கல்லு எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அந்தச் சுவத்துல ஒண்ணும் கிடையாது, தைரியமா துளை” என்றேன். வீடு கட்டியபோது இல்லை என்பது உண்மை. அப்புறம் வந்தது பற்றி எனக்கு என்ன தெரியும். தெரிந்த ஆள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், அவன் வாயில் பழம்பொரி இருந்தது. வாய் நிறையப் பழம்பொரி வைத்திருக்கிறவனிடம் உண்மையை எதிர்பார்த்தது என் தப்பு.

மெயின் சுவிட்சை நானே போய் அணைத்தேன். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் முனகி அடங்கியது. சுனீஷ் ஒரு சின்னக் கருவியை எடுத்துச் சுவரில் வைத்துத் தடவினான், உள்ளே கரண்டு இருந்தால் அது கத்துமாம். அடுப்புக்கு மேலே போனதும் அது கீகீ என்று கத்தியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். குரியாச்சன் அப்போதுதான் பழம்பொரியை விழுங்கினான். “அது டைலுக்குள்ள இருக்கிற ஈரத்துக்குக் கத்துது. போர்டு ஆபீஸ்ல எத்தனை பார்த்திருக்கேன்” என்றான். கரண்டு போர்டு ஆபீசில் அவன் பார்த்தது மீட்டரில் இருக்கிற நம்பரை, எழுதியதும் அதைத்தான். நானும் சேர்ந்துகொண்டேன், மெயின் ஆஃப், அதுக்கப்புறமும் கத்தினா கருவிதான் கேடு என்றேன். சுனீஷும் அதைக் காலில் இரண்டு தட்டுத் தட்டி, பேட்டரி போயிருச்சு போல என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். இதிலே எழுதவே வெட்கமான ஒன்று என்னவென்றால், நாங்கள் நின்ற இடத்திலிருந்து கதவு வழியாக முன்னறை தெரிகிறது. அங்கே அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீடு முழுக்கக் கரண்டு இல்லை, அது மட்டும் எரிகிறது, மூன்று ஆண்பிள்ளைகளும் பார்த்தோம். ஒருவனுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அது எப்போதும் எரிகிறது, அதனால் எரிந்தது. அணைந்திருந்தால்தான் திடுக்கிட்டிருப்போம்.

நான் சிம்னியின் இரும்புத் தகட்டைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அவன் அதன் ஓட்டைக்குள் மிஷினை விட்டான். தரையை அம்மச்சி அப்போதுதான் துடைத்திருந்தாள், நான் செருப்பில்லாமல் நின்றேன். முதல் துளை சரி. இரண்டாவது துளையில் நீலமாக ஒரு பொறி வந்தது, யாரோ என் முழங்கையைப் பிடித்து முறுக்கி எறிந்த மாதிரி இருந்தது, அடுத்த நொடி நான் உட்கார்ந்திருந்தேன், எங்கே என்றால் மறுநாள் அப்பத்துக்குக் கரைத்து வைத்திருந்த மாவுச் சருவத்துக்குள். பயப்படாதே, ஒன்றும் இல்லை, டாக்டர் பார்த்தார், நெஞ்சு சரியாக இருக்கிறது, கை இரண்டு நாள் மரத்திருந்தது. சத்தம் கேட்டு அம்மச்சி ஓடி வந்தாள். வந்தவள் முதலில் எங்கே பார்த்தாள் என்று நினைக்கிறாய்? முன்னறைப் பக்கம் திரும்பி விளக்கைப் பார்த்தாள். “கர்த்தாவே, அணையலை” என்றாள். அப்புறம் குனிந்து, மாவு போச்சே என்றாள். அதற்கும் அப்புறம்தான் இந்த மனுஷன்.

சுனீஷ் வெளிறிப்போய், மெயின் ஆஃப்ல இருக்கும்போது எப்படி அச்சாயா கரண்டு வந்துச்சு என்றான். அப்போதுதான் எல்லாரும் அம்மச்சி பார்த்த பக்கமே பார்த்தோம். நான் மாவோடு எழுந்து, குரியாச்சா, அந்த விளக்குக்கு லைன் எந்த வழியா இழுத்தே என்றேன். மேல வழியா என்றான். மேலன்னா என்றேன். கொஞ்சம் கீழயும் உண்டு அளியா என்று மச்சான் உறவை இழுத்தான். பதிலைப் பிடுங்கிப் பிடுங்கி வெளியே எடுத்தேன். மெயின் போனாலும் விளக்கு போகக்கூடாது என்று தங்கச்சி, அதாவது உன் அம்மச்சி, கேட்டுக்கொண்டாளாம், அதனால் சாமான் அறையில் விளக்குக்கென்றே வைத்த சின்ன பேட்டரி இன்வெர்ட்டரிலிருந்து தனியாக லைன் எடுத்தானாம். கரண்டு கசிந்தால் தட்டி விழுகிற பிரேக்கர் ஒன்று நம் வீட்டில் உண்டே, அதைத் தொடாமலே எடுத்திருக்கிறான், அது விழுந்தால் விளக்கும் போய்விடுமே என்று. நான் அப்போது எஸ்டேட்டுக்காரர்களின் ஜீப்பை ஓட்டிக்கொண்டு பகலெல்லாம் வெளியே இருந்தேன். இவன் அடுக்களைச் சுவரின் கீழ்மூலையிலிருந்து மேல்மூலைக்கு ஒரே கோணலாகக் கீறி, பைப் கூடப் போடாமல் வெறும் ஒயரைப் புதைத்து, சிமென்ட் பூசி, அதுக்கு மேலே டைலும் ஒட்டிவிட்டான். ஏன்டா கோணலா என்றால் அவன் சொன்ன பதில்: “நேரா மேல போய் அப்புறம் நேரா குறுக்க போனா ஒயர் எவ்வளவு செலவு? கோணலா போனாத் தூரம் குறைவு அளியா. அது கணக்குப் படிச்சவங்களுக்குத் தெரியும்.” என் பத்தாம் வகுப்பைக் குத்துகிறான், பார். விட்டேனா. கணக்குத் தெரியாத நான் நாப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன்டா, ஒருத்தனையும் சாகடிச்சதில்லை என்றேன். பஸ் ஓட்டும்போது நீங்க குறுக்கு வழியில போனதே இல்லையா என்றான். போயிருக்கேன், ஆனா பாசஞ்சரைச் சுவத்துக்குள்ள புதைச்சுட்டுப் போகலை என்றேன். காப்பி குடிக்காமல் போய்விட்டான். மிச்சப் பழம்பொரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். இப்போது பூசை முடிந்து பள்ளி முற்றத்தில் நிற்கிறவர்களிடமெல்லாம், அளியன் என் தலையில கரண்டு வைக்கப் பார்த்தான் என்று அவனே சொல்லித் திரிகிறான். கரண்டு வாங்கியது நான்.

சுனீஷ் போகும்போது சொல்லிவிட்டுப் போனான், அந்த ஒயரை இரண்டு பக்கமும் கழற்றிச் செத்ததாக்க வேண்டும், விளக்குக்குப் புதுசாக மேலே பைப் போட்டு லைன் கொடுக்க வேண்டும், அதுவரை அந்தச் சுவரைத் தொடாதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள், அதுக்கு முன்னால் சிம்னியின் ஓர் ஆணி கூட நான் அடிக்கமாட்டேன் என்று. ஆக மொத்தம் இது அரை மணி நேர வேலை. அன்று சாயங்காலம் உன் அம்மச்சியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். புது லைனை முதல்ல போட்டுடலாம், கடைசியில மாத்திக் கொடுக்கும்போது மட்டும் ரெண்டு நிமிஷம் அணையும் என்றேன். “ரெண்டு நிமிஷம் செத்துட்டு எழுந்திரிச்சா அது சாகலைன்னு ஆயிருமா?” என்றாள். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு மெழுகுதிரி வைக்கிறேன் என்றேன். நேர்ந்தது மெழுகுதிரியையா என்றாள். பள்ளியில் பூசை வைக்கிற அச்சனைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லி அணைக்கலாம் என்றேன். அச்சனா நேர்ந்தார் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, நீ என் சவத்துக்கும் இந்த விளக்கு வெளிச்சத்துலேயே ஒப்பாரி வெச்சுக்கோடி என்று கத்தினேன். அன்றிலிருந்து என்னிடம் நேராகப் பேசுவதில்லை. கோழியிடம் பேசுகிறாள். “சோறு வெச்சிருக்கு, வேணும்னா வந்து தின்னச் சொல்லு” என்று கோழிக்குச் சொல்கிறாள். கோழிக்கும் எனக்கும் இதனால் கௌரவப் பிரச்சினை.

அந்த விளக்கு எதற்கு என்று நீ மறந்திருக்கலாம், நான் ஞாபகப்படுத்துகிறேன். அந்த நோய்க் காலத்தில் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே நீ மூச்சுத் திணறிக் கிடந்தாய், ரெஞ்சியைக் கூட உள்ளே விடவில்லை, எங்களுக்கு இங்கிருந்து அங்கே வர விமானமே இல்லாத நாள். அன்றைக்கு அம்மச்சி நேர்ந்தாள், டின்சி பிழைத்து வந்து இந்தப் படத்துக்கு முன்னால் நிற்கிற வரைக்கும் விளக்கு அணையாது என்று. குரியாச்சன் லைன் போட்டதும் அப்போதுதான், ஒரு பல்பு போனாலும் இன்னொன்று எரிகிற மாதிரி இரட்டை பல்பு. நீ பிழைத்தாய். வந்து நிற்கவில்லை. ஒரு வருஷம் பரீட்சை என்றாய், ஒரு வருஷம் வீடு வாங்குகிறோம் என்றாய், அப்புறம் எவின் பிறந்தான், குழந்தையோடு பயணம் கஷ்டம் என்றாய். எவின் இப்போது ஓடுகிறான். நாங்கள் பார்க்கும்போதெல்லாம் போன் கண்ணாடிக்குள்ளேதான் ஓடுகிறான், ஒரு தடவை கூட என் காலில் வந்து மோதவில்லை. நான் இந்த விளக்கைக் கேலி செய்யாத நாள் கிடையாது. ரயில்வே சிக்னல் என்பேன், வீட்டுக்குள்ளே வண்டி நிறுத்தி வைத்திருக்கிறாள் என்பேன். அவள் பாட்டுக்கு அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அப்படியிருக்க, சண்டை முற்றி உனக்குப் போன் போட்டால் நீ என்ன சொன்னாய்? அம்மச்சியிடம், ஒரு பல்புக்குப் போய் இந்தப் பாடா, என்ன அம்மச்சீ நீங்க, என்று சிரித்தாய். அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்புறம் என்னிடம் குரலைத் தாழ்த்தி, “அப்பச்சா, ஞாயித்துக்கிழமை அம்மச்சி குர்பானைப் பூசைக்குப் போகும்போது ஆளை வரச்சொல்லி மாத்திடுங்க, வந்து பார்த்தா எரிஞ்சுக்கிட்டிருக்கும், அவங்களுக்கு எப்படித் தெரியும்” என்றாய். உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். மேலே பார்க்க நன்றாகப் பூசிவிட்டு உள்ளே கோணலாக இழுப்பது உன் மாமன் வழி. ரத்தம்தானே. அதே போனில் பின்னாலிருந்து ரெஞ்சி, ஸ்பெயின் டிக்கெட்டில் எவின் பேரைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. இங்கே வர லீவு இல்லை, ஸ்பெயினுக்கு இருக்கிறது. ஸ்பெயினில் யார் இருக்கிறார்கள் நமக்கு? எனக்குக் கரண்டு அடித்தபோது கூட இப்படி இருக்கவில்லை என்று எழுதினால் நாடகம் என்பாய், அதனால் எழுதவில்லை.

எழுதவில்லை என்றாலும் நீ சொன்னதைச் செய்யத்தான் போனேன், பயம் இருக்கிறதே, மழை வருகிறதே. போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு முழங்கால் வலி என்று படுத்துக்கொண்டேன். அம்மச்சி கோழியிடம், “முழங்காலுக்குத் தைலம் அலமாரியில இருக்குன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். சுனீஷ் பின்வாசல் வழியாக வந்தான், மேலே பைப்பும் ஒயரும் அடித்து எல்லாம் தயார் செய்தான். பாக்கி ஒன்றுதான், மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து மாற்றிக் கொடுப்பது. மெயினை அணைத்தேன். சாமான் அறைக்குப் போய் இன்வெர்ட்டர் சுவிட்சில் விரலை வைத்தேன். அங்கிருந்து பார்த்தாலும் விளக்கு தெரிகிறது. “போடுங்க அச்சாயா, ரெண்டு நிமிஷ வேலை” என்றான் ஏணிமேலிருந்து. சரி என்றேன். விரல் அங்கேயே இருந்தது. அவன் திரும்பவும், அச்சாயா கை இன்னும் மரத்திருக்கா, நான் வந்து அணைக்கட்டுமா என்றான். சுவிட்சைத் தொட்டா உன் கையை முறிச்சுடுவேன், இறங்கி வந்து காப்பி குடி என்றேன். எனக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. அவன் காப்பி குடித்தான், என்னை ஒரு மாதிரி பார்த்தான், பூசை முடிந்து பள்ளி மணி அடித்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அம்மச்சி வந்து விளக்கைப் பார்த்தாள். மேலே புது பைப்பைப் பார்த்தாள். முன்னறை ஃபேன் ஓடாததைப் பார்த்தாள், நான் மெயினைத் திரும்பப் போட மறந்திருந்தேன். மேசைமேல் இரண்டு காப்பி டம்ளரைப் பார்த்தாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் சாய்ப்பிலிருந்து புகையோடு வந்து மீன் கறியின் தலைத்துண்டை என் தட்டில் வைத்தாள், வைத்துவிட்டு, கோழியிடம் இல்லை, என்னிடமே, உப்பு போதுமா என்றாள். போதும் என்றேன். போதாமல்தான் இருந்தது.

ஆகவே எங்களுக்குள் இப்போது பரவாயில்லை, இனி சண்டை உன்னோடு மட்டும்தான். தெளிவாக எழுதுகிறேன். அந்த விளக்கை நான் அணைக்கமாட்டேன், அம்மச்சி அணைக்கமாட்டாள், குரியாச்சனை இனி ஒரு பல்பு மாட்டக்கூட வீட்டுக்குள் விடமாட்டேன். அது உனக்காக ஏற்றியது, நீ வந்து படத்துக்கு முன்னால் நின்றால் நேர்ச்சை முடிந்தது, நீயே உன் கையால் சுவிட்சை அணை. சுனீஷ் ஏணியோடு வருவான். உன் சிம்னியை மாட்டுவோம், அம்மச்சி உள்ளே வந்து சமைப்பாள். நீ வராவிட்டால் சிம்னியைக் குரியாச்சனுக்கே கொடுத்துவிடுவேன், அவன் அதைக் கோணலாக மாட்டிக்கொள்ளட்டும். இனிமேல் மிஷின் எதுவும் அனுப்பாதே. அனுப்பினால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவேன், இதைக் கோபத்தில் எழுதவில்லை, காப்பி குடித்துவிட்டு நிதானமாக எழுதுகிறேன்.

நீ வாங்கிய வீட்டில் அடுக்களை மாற்றப் போகிறாய் என்று ரெஞ்சி சொன்னான். திட்டினாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் துளை போடுமுன் மெயின் ஆஃபா என்று மட்டும் கேட்காதே, ஆஃப் செய்த பிறகும் வீட்டில் எது எரிகிறது என்று சுற்றிப் பார். கத்துகிற கருவியை நம்பு, உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரனை நம்பாதே. சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் பக்கத்திலும் ஒயர் போகும் என்று வைத்துக்கொண்டு அங்கே ஆணி அடிக்காதே, நடுவிலும் நம்பி அடிக்காதே, உனக்கு முன்னால் அங்கே இருந்தவனுக்கும் ஒரு குரியாச்சன் இருந்திருக்கலாம். சுவரைப் பூசுமுன் போட்டோ எடுத்து வை, எவினைத்தான் நாள் முழுக்க எடுக்கிறாயே. தரை ஈரமாக இருக்கும்போது செருப்பில்லாமல் எதையும் தொடாதே.

தெக்குப்புறத்துப் பலா இந்த வருஷம் வேரிலேயே காய்த்திருக்கிறது, எவின் நின்ற இடத்திலிருந்தே தொடலாம். ரெஞ்சியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, அவளுக்கு நீ அனுப்பிய மாத்திரை டப்பா மூலையில் கிடக்கிறது, அவளும் உன்னைத்தான் கேட்டாள். கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும், எவினுக்கு நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு சிலுவை போடு, அம்மச்சி பெயரைச் சொல்லி இரண்டு. வானொலியில் மழை இந்தத் தடவை சீக்கிரம் வரும் என்கிறார்கள். நானும் உன் அம்மச்சியும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மேற்கே மேகத்தைப் பார்க்கிறோம், அப்புறம் ரோட்டைப் பார்க்கிறோம். எது முதலில் வருகிறது என்று பார்க்கலாம்.

இப்படிக்கு, இன்னும் கோபம் தீராத உன் அப்பச்சன்
வர்க்கிச்சன்